துரைசாணி வீட்டுச் செடி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் முப்பத்தேழாம் நம்பர் வீட்டுத் தங்கமணிக்கு யார்மேலும் வெறுப்பு கிடையாது. ஒருவரை வெறுப்பதென்றால் அந்த அளவுக்காவது அவருக்குத் தகுதி இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அந்த நாற்பது வீட்டு வரிசையில் அப்படி யாரும் இல்லை. எல்லாரும் கிளார்க்குகள், இல்லாவிட்டால் கிளார்க்குகளின் பெண்டாட்டிகள். யார் வீட்டுக்குப் புது டைம்பீஸ் வந்தது, எந்தத் துரை யாருக்குக் குட்மார்னிங் சொன்னார் என்பதற்கு மேல் அவர்களுக்கு உலகத்தில் விஷயமே கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே குடத்தை நிரப்பி, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வருவாள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அடக்கம்.

புருஷனையும் அவள் இந்தக் கூட்டத்தில்தான் சேர்த்திருந்தாள். சோமசுந்தரம் கூட்ஸ் ஆபீஸில் இரண்டாவது கிளார்க். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளத்தை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் காலையில் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டும்போது, "எஸ் சார், கொயட் ரைட் சார்" என்று தனக்குத் தானே ஒத்திகை பார்க்கிற மனிதரை எந்தப் பெண்ணால் மதிக்க முடியும்? பதினொரு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் அவர் டை கட்டுகிற நேரம் அவள் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பாள்.

அவள் மதித்த ஒரே உயிர் ரமணி. முதலில் பிறந்த இரண்டும் தங்காமல், பத்தாவது வருஷம் தங்கிய பெண். ஒரு வயது. ரமணிக்கு ஒரு பொருளைக் கண்ணால் பார்த்தால் பார்த்ததாகாது. வாயில் வைத்தால்தான் ஆகும். சுவர்ச் சுண்ணாம்பு, சோப்புத் துண்டு, அப்பாவின் ரயில்வே டைம்டேபிளில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும் உள்ள பக்கம், வரிசையாகப் போன எறும்பு எல்லாம் உள்ளே போயாகிவிட்டது. தங்கமணி நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் பின்னால் திரிந்தாள்.

அந்த வருஷம் ஜூலை மாதம் போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். அக்டோபரில் எஞ்சினியர் துரையின் துரைசாணி குவார்ட்டர்ஸைப் பார்வையிட வருகிறாள். எந்த வீட்டு முன்வாசல் மிக அழகாக இருக்கிறதோ அந்த வீட்டுக் கதவில் பித்தளைத் தகடு பதிக்கப்படும். ஒவ்வொரு வீட்டிலும் மேல்படியில் ஒரு தொட்டி, அதில் பார்வைக்கு லட்சணமான ஒரு செடி இருக்க வேண்டும். மண்ணெண்ணெய் டின்னில் வளர்க்கிற கறிவேப்பிலை, பசலை வகையறாக்களைக் கண்ணில் படாமல் பின்பக்கம் கொண்டுபோய்விட வேண்டும்.

வரிசைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. நேற்றுவரை அந்தக் கறிவேப்பிலையைத் தாளித்துத் தின்றவர்கள், இன்றைக்கு அதைப் பார்த்தால் வெட்கப்பட்டார்கள். டின்களைப் பின்சந்துக்குத் தூக்கினார்கள். செந்தூல் பக்கம் ஒரு சீனன் நடத்திய நாற்றுத் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர்வலமாகப் போனார்கள். ஒரு வீட்டில் தொட்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார்கள். அடுத்த நாள் வரிசை முழுக்க வெள்ளைத் தொட்டி. இன்னொரு வீட்டில் முள்ளுச்செடி வைத்தார்கள். பிள்ளைகள் ஆறு பேரும் காலில் முள்ளோடு நொண்டினார்கள். தங்கமணி சன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்து, சந்தோஷமென்று சொல்ல முடியாது, ஒருவகைத் திருப்தி அடைந்தாள். அவள் நினைத்த அளவுக்கே அவர்கள் அற்பமாக இருந்தார்கள்.

சோமசுந்தரத்துக்கு இந்தப் பைத்தியம் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாகவே பிடித்தது. வருஷக் கடைசியில் தலைமைக் கிளார்க் பென்ஷன் வாங்கிக்கொண்டு போகிறார். அந்த நாற்காலிக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள். துரைசாணி கண்ணில் தன் தொட்டி பட்டால், அவள் வாயில் தன் பெயர் வரும். அவள் வாயில் வந்தது துரையின் காதில் விழும் என்று அவர் கணக்குப் போட்டார். ஒரு தொட்டிச் செடியைப் பிடித்துக்கொண்டு தலைமைக் கிளார்க் நாற்காலிக்கு ஏறப் பார்க்கிற மனிதரிடம் என்ன பேசுவது? தங்கமணி ஒரே ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்.

"ரமணி பிச்சுத் தின்னாலும் ஒண்ணும் ஆகக்கூடாது. அது மட்டும் பார்த்துக்குங்க. மத்தபடி எவ்வளவு ஸ்டைலா வேணும்னாலும் இருக்கட்டும்."

அவர் சிவப்பு அரளி என்றார். அரளியை அரைத்துக் குடித்துச் செத்தவர்களின் பட்டியலை அவள் சொன்னாள். குரோட்டன்ஸ் என்றார். கிள்ளினால் பால் வடிகிறது, பட்ட இடம் அரிக்கும் என்றாள். ரோஜா என்றார், முள். சீனன் வேறொன்றைக் காட்டினானே, இலையெல்லாம் ரோஸ் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்ததே என்றார். அது சேம்பு ஜாதி, தொண்டையைப் பிடித்துக்கொள்ளும் என்றாள். ஒரு மாதம் இப்படியே போனது. கடைசியில் சோமசுந்தரம் டையைக் கழற்றி வீசிவிட்டு, தொட்டியில் பிள்ளையையே நட்டு வைத்துவிடட்டுமா என்று கேட்டார். பதினொரு வருஷத்தில் அவர் சொன்னவற்றுள் அவளுக்குச் சிரிப்பு வந்தது அது ஒன்றுக்குத்தான். ஆனால் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, அவர் ஆபீசுக்குப் போன பிறகு, எஞ்சினியர் பங்களாவின் தோட்டக்காரர் நாகையா நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு தண்டோடு வாசலில் வந்து நின்றார். முழங்கை நீளத் தண்டு. உச்சியில் நாலு இலை, பச்சையில் வெள்ளை வாரி இறைத்த மாதிரி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. துரைசாணியின் வராந்தாவில் இதே செடி எட்டுத் தொட்டியில் இருக்கிறதாம். கிளார்க்கையா கெஞ்சிக் கேட்டு ஒரு தண்டு வெட்டச் சொன்னாராம். துரைசாணி வரும்போது தன் வீட்டுச் செடியையே இங்கே பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்பது அவருடைய யோசனை.

நாகையா தண்டைப் படியில் வைத்துவிட்டுப் போகாமல் தயங்கி நின்றார். உள்ளேயிருந்து ரமணி தவழ்ந்து வந்து அவர் கால் விரலை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"கைப்புள்ள இருக்குன்னு ஐயா சொல்லலியேம்மா," என்றார். "இத வெட்டுறப்போ சாறு பட்டு, ரெண்டு நாளு என் கை எரிஞ்சுச்சு. வாயில வச்சா நாக்கு வீங்கிப் பேச்சே நின்னுரும். பங்களாவுல வச்சிருக்காங்கன்னா, அங்க தின்னுறதுக்குப் புள்ள ஏது? ரெண்டையும் சீமைக்குப் படிக்க அனுப்பிட்டாங்க."

தங்கமணி அவரை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். அந்த வரிசையில் அவள் யாரையும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. பிறகு தண்டைப் பேப்பரோடு எடுத்துக்கொண்டுபோய், பின்சந்தில் குப்பை கொட்டுகிற இடத்தில், கழிவு வாய்க்காலுக்கு அப்பால் வீசி எறிந்தாள். பிள்ளை இல்லாத வீட்டு அலங்காரத்தைப் பார்த்து, வீட்டுக்கு அரை டஜன் பெற்று வைத்திருக்கிற இவர்கள் நாக்கைத் தொங்கப் போடுகிறார்கள். தன் புருஷனுக்கு அந்த வராந்தாவில் எட்டுத் தொட்டி கண்ணில் பட்டது. தொட்டில் இல்லை என்பது படவில்லை. கோபத்தோடு கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஆனால் தொட்டி காலியாக இருக்க முடியாது. அவர் சாயங்காலம் வந்து கேட்பார். எறிந்தேன் என்றால் ஒரு மாதச் சண்டை. அன்றைக்குப் புதன்கிழமை, கிள்ளானிலிருந்து ரயிலில் காய்கறி கொண்டுவருகிற வீரம்மா வரும் நாள். வீரம்மாவின் கூடையில் கிழங்குகளோடு ஒரு செடி வேரும் இலையுமாகக் கிடந்தது. நீள இலை, பச்சையில் வெள்ளைப் பட்டை. தங்கமணி அதை வெளியே இழுத்துப் பார்த்தாள். கிள்ளானுக்கு அப்பால் மேரு கிராமத்துப் பக்கம் ஒரு மலாய்க்காரியின் கொல்லையில் பிடுங்கியது என்றாள் வீரம்மா. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறோமே ஆரோரூட், அதே கிழங்குதான். இது வரி போட்ட ஜாதி, அழகுக்கும் வைப்பார்கள்.

தங்கமணி இலையில் ஒரு துண்டைக் கிள்ளித் தன் வாயில் போட்டு மென்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. கிழங்கைக் கடித்தாள், சப்பென்று இருந்தது. செடியைத் தொட்டியில் வைத்து மண் அணைத்தாள். மறுநாள் வரை பொறுத்து, ரமணியைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தாள். அவள் நேராக ஒரு இலையைப் பிடித்திழுத்து, நுனியைக் கடித்து, யோசித்து, துப்பிவிட்டு, மறுபடியும் கடித்தாள். தங்கமணிக்கு அவளை அப்படியே வாரியணைத்துக்கொள்ளத் தோன்றியது. அணைத்துக்கொண்டாள்.

சோமசுந்தரம் முதல் நாள் சாயங்காலமே தொட்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்து பார்த்திருந்தார். பங்களாவில் இருக்கிற அதே இலை, அதே வெள்ளை, தூரத்திலிருந்து பார்த்தாலே துரை வீட்டுச் செடி என்று தெரிகிறது என்றார். தண்டு எங்கே போனது என்று கேட்கவில்லை. கண் இருந்தும் பார்க்கத் தெரியாத மனிதரோடு குடித்தனம் நடத்துவதில் சில சௌகரியங்கள் உண்டு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரத்துக்குள் அவர் ஆபீஸ் முழுக்க, குவார்ட்டர்ஸ் முழுக்க, துரை வீட்டுச் செடி தன் வீட்டில் இருப்பதைப் பரப்பிவிட்டார்.

இந்த இடத்தில் முப்பத்தெட்டாம் நம்பர் அலமேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிக்கெட் கிளார்க் ராதாகிருஷ்ணனின் மனைவி. கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. எதைச் சொல்வதற்கு முன்னாலும் மன்னிப்புக் கேட்பது போல ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பே தங்கமணிக்கு ஆகாது. இரண்டு வீட்டு முன்வாசலுக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்கூடக் கிடையாது. ரமணி மத்தியானமானால் அங்கே போய்விடுவாள். அலமேலு அவளை மடியில் போட்டுக்கொண்டு அரிசி பொறுக்குவாள், தலை வாருவாள், ஏதாவது பாடுவாள். சம்பளமில்லாமல் கிடைத்த ஆயா என்று தங்கமணி அதை அனுமதித்திருந்தாள். அந்த நேரத்தில் கொஞ்சம் கண்ணயரவும் செய்வாள்.

வரிசையில் அலமேலுவின் கையைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. கைராசி இல்லாதவள், அவள் நட்டது எதுவும் தழைக்காது என்பார்கள். ஒரு முறை அவள் போட்ட பீர்க்கங்கொடி பந்தலைத் தொடுவதற்குள் கருகிப்போனதை இன்னும் சொல்லிக் காட்டுவார்கள். யார் வீட்டிலும் விதை போடவோ கன்று நடவோ அவளைக் கூப்பிடமாட்டார்கள். தங்கமணி இதை நம்பினாளா என்று கேட்டால், குழாயடிப் பேச்சையெல்லாம் தான் நம்புவதில்லை என்பாள். ஆனாலும் தன் தொட்டிக்கு அலமேலு தண்ணீர் ஊற்ற வந்தபோது, வேண்டாம் என்று செம்பைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் நடுவில் ஒரு நாள் அலமேலு சிரித்துக்கொண்டே வந்தாள். கையில் ஒரு செடி. தங்கமணி பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள். அவள் வீசி எறிந்த அதே தண்டு. குப்பை ஈரத்தில் வேர்விட்டு, புது இலை இரண்டு விட்டிருந்தது.

"அக்கா, பின்சந்துல மொளைச்சிருந்துச்சு. உங்க தொட்டியில இருக்கிற துரைசாணி வீட்டுச் செடி மாதிரியே இருக்கு. அதுதானே இது?" என்றாள் அலமேலு. "எங்க தொட்டி இன்னும் காலியாத்தான் கெடக்கு. இத வைக்கலாமான்னு பாக்கறேன். ரமணி எந்நேரமும் எங்க வாசல்லயே இருக்கா, அதான் கேக்குறேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

இதுதான் அலமேலு கேட்டது. அந்த வரிசையில் நாற்பது வீட்டில், ஒரு செடியைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பெற்றவள், இன்னொருத்தி பெறாதவள். தங்கமணிக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. தான் குப்பையில் போட்டதைக்கூடப் பொறுக்கிக்கொண்டு வந்து நிற்கிறாளே என்ற அருவருப்புத்தான் வந்தது. இது வேறு, அது வேறு என்று சொன்னால், இவள் புருஷனிடம் சொல்வாள். அவன் ஆபீசில் சொல்வான். துரை வீட்டுத் தண்டு குப்பைக்குப் போன கதை சாயங்காலத்துக்குள் சோமசுந்தரத்தின் காதுக்கு வந்துவிடும். எப்படியும் இவள் நட்டது ஒரு வாரம் தாங்காது. கருகிப்போகும்.

"அதேதான்," என்றாள் தங்கமணி. "எங்க வீட்டுல அவ தெனமும் கடிக்கிறா. என்ன ஆச்சு?"

அலமேலு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

செடி கருகவில்லை. அலமேலு அதற்கு அரிசி கழுவின நீர் ஊற்றினாள், இலையை ஈரத்துணியால் துடைத்தாள். ஒவ்வொரு இலையும் கையகலத்துக்கு விரிந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அலமேலு கை நட்டது தழைக்கிறதே என்று வாய்விட்டே சொன்னார்கள். அலமேலுவின் சிரிப்பில் இருந்த அந்த மன்னிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. முப்பத்தெட்டின் செடி முப்பத்தேழின் செடியைவிட ஒரு சாண் உயரம் என்று சோமசுந்தரம் வருத்தப்பட்டார். இரண்டும் ஒரே செடி என்பதில் அவருக்கும் சந்தேகம் இல்லை.

தங்கமணிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். ரமணியை இரண்டு நாள் உள்ளேயே பூட்டி வைத்தாள். அவள் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். மூன்றாம் நாள், கடிக்கத்தான் வீட்டிலேயே இலை இருக்கிறதே, அங்கே போய் எதற்குக் கடிக்கப்போகிறாள் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். இத்தனைக்கும் தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

நாலாம் நாள் மத்தியானம் தங்கமணி கண்ணயர்ந்திருந்தபோது ஒரு வீறல் கேட்டது. எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அது பாதியில் நின்றுவிட்டது. அலமேலு படியில் மண்டியிட்டு, ரமணியின் வாய்க்குள் விரலை விட்டு வழித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் உதடு தடித்துப்போய், நாக்கு வெளியே தெரிந்தது. வாய் அழுவதற்குத் திறந்தபடியே இருந்தது, சத்தம் வரவில்லை. செம்பிலிருந்த தண்ணீரை அந்த வாயில் ஊற்றிக் கவிழ்த்துவிட்டு, அலமேலு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். முந்தானை அவிழ்ந்தது அவளுக்குத் தெரியவில்லை. செருப்பில்லாமல் ரயில்வே டிஸ்பென்சரிவரை வெயிலில் அவள்தான் ஓடினாள். தங்கமணி பின்னால்தான் போனாள்.

டிரெஸ்ஸர் ஐஸ் வைத்தார், பால் வைத்தார், ஊசி போட்டார். மூச்சு அடைக்காமல் இருந்தால் பயமில்லை, இன்று முழுக்க இங்கேயே இருக்கட்டும் என்றார். என்ன இலை என்று கேட்டார். தங்கமணியைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தெரியலை," என்றாள் தங்கமணி.

"அக்கா வீட்டுல இருக்கிற அதே செடிதான் சார்," என்றாள் அலமேலு. "அங்க தெனமும் தின்னுவா, ஒண்ணும் ஆகாது. அதனாலதான் நான் பாத்தும் தடுக்கல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

ரமணி பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் எச்சில்கூட விழுங்கவில்லை. ஒரு வாரம் குரல் வரவில்லை. அழும்போது முகம் மட்டும் அழும். வீட்டில் அந்த ஒரு வாரம் இருந்த அமைதியைத் தங்கமணி சாகும்வரை மறக்கப்போவதில்லை.

வரிசை இதை யோசித்தது. முப்பத்தேழில் தின்றால் ஒன்றும் ஆகாத இலை முப்பத்தெட்டில் எப்படி விஷமாகும்? செடி ஒன்று, மண் ஒன்று, தண்ணீர் ஒரே குழாய். மாறியது நட்ட கை மட்டும்தான். குழாயடியில் அரைமணி நேரத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தழைக்காத கை தழைத்தால் இப்படித்தான் தழைக்கும் என்றார்கள். ஒருத்தி தன் பிள்ளைகளை முப்பத்தெட்டாம் நம்பர் பக்கம் போகக்கூடாது என்று சத்தமாகவே கண்டித்தாள். சோமசுந்தரம் இங்கிலீஷ் படித்தவர். அவரும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை, கை அப்படி என்றார்.

இதில் கொடுமை என்னவென்றால், அலமேலுவும் அதை நம்பிவிட்டாள். செடியைப் பிடுங்கி, தொட்டியை உடைத்து, புதைத்துவிட்டு வந்தாள். குரல் திரும்பிய மறுநாள் ரமணி வழக்கம்போல அவள் வாசலுக்குத் தவழ்ந்து போய்க் கையை நீட்டினாள். அலமேலு தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். ரமணி அந்தக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தங்கமணி அதைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழாயடி முட்டாள்தனம் என்று இத்தனை காலம் எதைப் பார்த்து உதட்டைச் சுழித்தாளோ, அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டு அவள் வாயைத் திறக்காமல் இருந்தாள். வரிசையில் தன்னைவிடக் கேவலமான பிறவி இல்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை.

அக்டோபரில் துரைசாணி வந்தாள். வெள்ளைக் குடை, வெள்ளைச் சப்பாத்து, பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு கிளார்க். ஆண்கள் அரைநாள் லீவு போட்டு, கோட்டு மாட்டி, அவரவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். வரிசை முழுக்கப் பெண்கள் கதவோரம். அவள் முப்பத்தாறு தொட்டிகளை நின்று பார்க்காமலே கடந்தாள். வாயில் ஒரே ஒரு "நைஸ்" தான், அதையே வீட்டுக்கு வீடு போட்டுக்கொண்டு வந்தாள். முப்பத்தேழில் மட்டும் நின்றாள். குனிந்தாள். ரமணியின் பல் பதிந்த ஓர் இலையை விரலால் தூக்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

சோமசுந்தரம் ஒத்திகை பார்த்து வைத்ததைச் சொல்லிவிட்டார், மேடத்தின் வராந்தாவில் இருப்பதே இது என்று. இல்லையே என்றாள் துரைசாணி. மேலும் நிறையச் சொன்னாள். வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, தமிழில் சொல்லச் சொன்னாள். துரைசாணி தன்னை மொழிபெயர்க்கச் சொன்ன பெருமையில், அர்த்தம் மண்டைக்கு ஏறுவதற்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டார் அவர்.

"இது ஆரோரூட்டுன்னு சொல்றாங்க. மேடம் பொறந்த தீவுல இதுதான் பயிராம். கொழந்தைங்களுக்குக் கஞ்சி வைக்கிறதாம். பங்களாவுல இருக்கிறது பாக்கறதுக்கு இது மாதிரி இருக்கும், ஆனா வேற... அது கொடிய விஷம், வாயில பட்டா..." துரைசாணி சொல்லி முடிக்கும்படி கையசைத்தாள். "புள்ள இருக்கிற வீட்டுக்கு ஏத்த செடின்னு தெரிஞ்சு பொறுக்கி வச்சிருக்காங்க. இந்த வரிசையிலயே புத்தியுள்ள தாய் இந்த வீட்டுலதான் இருக்காங்கன்னு சொல்றாங்க."

கிளார்க் நோட்டில் முப்பத்தேழு என்று எழுதிக்கொண்டான். துரைசாணி குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். அங்கே தொட்டி இல்லாததைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு அதற்கடுத்ததற்கு நகர்ந்தாள். சோமசுந்தரம் தொட்டியையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாயடியில் தீர்ப்பு எழுதியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கமணியின் பக்கம் திரும்பினார்கள்.

தங்கமணி அவர்களைப் பார்க்கவில்லை. அலமேலு முப்பத்தெட்டின் கதவோரம் நின்றிருந்தாள். அவளுடைய கைகள் இரண்டும் பழக்கப்படி முதுகுக்குப் பின்னால் இருந்தன. இப்போது கேட்கப்போகிறாள், தெரிந்துதானே சொன்னீர்கள் என்று வரிசைக்கு முன்னால் கேட்கப்போகிறாள் என்று தங்கமணி காத்திருந்தாள். கேட்க வேண்டும் என்றே விரும்பினாள். காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அலமேலு கைகளை முன்னால் கொண்டுவந்தாள். உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள், புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"அப்ப என் கையில ஒண்ணும் இல்லைக்கா," என்றாள்.

அதற்குள் ரமணி அவள் படியேறியிருந்தாள். அலமேலு குனிந்து, இரண்டு கையாலும் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.